சிம் போட இடமில்லாத கருவி

“இதில் பேச முடியுமா?” என்று அம்மை கேட்டார்கள்.

“முடியாது.”

“சிம் எங்கே போடுவது?”

“சிம் போட இடமே கிடையாது.”

“பிறகு எதற்கு மருமகன் இதைத் துபாயிலிருந்து சுமந்துகொண்டு வந்தார்?”

2008ஆம் ஆண்டு ஓணத்துக்கு அக்காளும் அத்தானும் ஊருக்கு வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லாருக்கும் சோப்பு, சென்ட், தைலம். எனக்கு மட்டும் உள்ளங்கையைவிடச் சற்று நீளமான ஒரு கருவி: நோக்கியா என்800. அத்தான் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார் என்றுதான் அம்மை நினைத்தார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து முன்கூட்டியே நான் அனுப்பிவைத்திருந்தேன் என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

டப்பாவின்மேல் ‘இன்டர்நெட் டேப்லெட்’ என்று எழுதியிருந்தது. டேப்லெட் என்றால் பலகைக் கணினி என்று எவருக்கும் தெரியாத காலம் அது. பக்கத்து மருந்துக்கடை அண்ணன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கருவியை அடுத்த பல வருடங்கள் நான் ஏறக்குறைய மாத்திரை போலத்தான் பயன்படுத்தினேன். தினமும், கசந்தாலும், விடாமல்.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் கணினி ஆசிரியர். மேல்நிலை வகுப்புகளில் சி++ சொல்லிக்கொடுத்தேன். பள்ளியில் விண்டோஸ், வீட்டில் பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டு. லினக்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று படித்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. இந்த வரிசையில் முதல் கருவியான 770 வந்தது 2005இல். என்800ஐ 2007 ஜனவரியில் 399 டாலர் விலையில் அறிமுகம் செய்தார்கள். அதே ஆண்டு இறுதியில் விசைப்பலகையும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து என்810 வந்தது. மூன்றுமே தொலைபேசி அல்ல. உள்ளே ஓடியது மேமோ என்ற இயங்குதளம். டெபியன் லினக்ஸின் வழிவந்தது. 4.1 அங்குலத் திரையில் 800க்கு 480 புள்ளிகள். என் போனின் திரை தீப்பெட்டி அளவு என்பதால் எனக்கு அது கொட்டகையில் படம் பார்ப்பது போல இருந்தது. 128 எம்பி நினைவகம், இரண்டு எஸ்டி கார்டு போட இடம், எஃப்எம் வானொலி, பக்கவாட்டிலிருந்து நத்தையின் கண்போல வெளியே வரும் கேமரா. பின்பக்கம் ஒரு தாங்கி உண்டு. அதை விரித்து வைத்தால் அம்மையின் பூசையறைப் படம்போல மேசையில் நின்றது.

இனி தொல்லைகளுக்கு வருகிறேன். முதல் தொல்லை அதன் பெயரிலேயே இருந்த இன்டர்நெட். வைஃபை இருந்தால்தான் கருவி நேராக இணையத்துக்குப் போகும். 2008இல் எங்கள் ஊரில் வைஃபை என்றால் புது மோட்டார் சைக்கிளா என்று கேட்பார்கள். இன்னொரு வழி புளூடூத். போனை மோடமாக்கி, ஜிபிஆர்எஸ் என்ற அதன் மெதுவான இணைய வசதி வழியாகக் கருவியை இணைக்கலாம். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் ஒரு பக்கம் திறந்தால் அது நல்ல நாள். பேச்சிப்பாறைப் பக்கம் ஏறினால் சமிக்ஞை ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரிகள் தீரும். கருவி உயிரோடிருந்து போன் செத்துப்போனால் கையிலிருப்பது விலை உயர்ந்த கைக்கடிகாரம். கடைசியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் அகலப்பட்டை இணைப்பு எடுத்து, வைஃபை வரும் மோடம் வாங்கி வைத்த பிறகுதான் கருவி தன் பெயருக்கு நியாயம் செய்தது. கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டுக்கும் ஒதுக்கவேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

அம்மையின் மனம் மாறியதும் அந்த மோடம் வந்த பிறகுதான். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் அடித்து உலர்த்தி, விலை ஏறும்வரை பரணில் வைத்திருப்பார்கள். கோட்டயம் சந்தையின் அன்றாட விலையை ரப்பர் வாரியம் இணையத்தில் போடுகிறது. ஒரு நாள் காலை ஆர்எஸ்எஸ்-4 தரத்தின் விலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்கள். அன்று ஷீட் எடுக்க வந்த வியாபாரி முதலில் சொன்ன விலைக்கு அவர்கள் தலையே ஆட்டவில்லை. அதன்பிறகு கருவியைப் பற்றி அவர்கள் ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்: “பேசாது, ஆனால் விலை சொல்லும்.”

தமிழ் விஷயம் தனிக்கதை. கருவியில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாக வந்தது. இங்கேதான் எவரும் திறந்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளின் இனிப்பு முதன்முதலில் நாவில் பட்டது. மூடிய கருவியாக இருந்தால் தயாரித்தவர்கள் கொடுக்கும்வரை காத்திருக்கவேண்டும். இதில் லோகித் தமிழ் எழுத்துருக் கோப்பை மெமரி கார்டில் கொண்டுவந்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இரண்டு வரி தட்டி, உரிய கோப்புறையில் போட்டேன். கட்டங்கள் எழுத்துகளாயின. அந்தச் சந்தோஷம் அரை நாள் நீடித்தது. சில இடங்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதைப் பிறகுதான் கவனித்தேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரிந்த செயலியில் தமிழ் சரியாக வந்தது, தெரியாததில் உளறியது. இதில் எவரையும் குறை சொல்லமாட்டேன். அன்று தமிழ் இணையமே பல குறியாக்கங்களில் சிதறிக் கிடந்தது. ஒரு பத்திரிகையின் எழுத்துரு இன்னொன்றைப் படிக்க உதவாது. தமிழ்நாடு அரசே யூனிகோடையும் தேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்றுக்கொண்டது 2010 ஜூனில்தான்.

நான் கண்டுபிடித்த குறுக்குவழி பிடிஎஃப். அதில் எழுத்துருவும் எழுத்தின் இடமும் கோப்புக்குள்ளேயே உறைந்திருக்கும். கருவிக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமே இல்லை. மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். அவர்களுடைய பிடிஎஃப் கோப்புகளை மொத்தமாகக் கார்டில் ஏற்றினேன். சிலவற்றை மேசைக் கணினியில் சின்னப் பக்கமாக, பெரிய எழுத்தாக மாற்றி ஏற்றினேன். வடசேரி பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரங்களில் படித்த அளவுக்குச் சங்கப் பாட்டைக் கல்லூரியில்கூட நான் படித்ததில்லை. சிறிய திரைக்கருவியில் தமிழ் படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்: எழுத்து உடைந்தால் கருவியோடு மல்லுக்கட்டவேண்டாம், பக்கத்தையே அதன் அளவுக்கு வெட்டிக்கொடுங்கள்.

திரை அழுத்தினால் வேலை செய்கிற பழைய வகை. இன்றைய திரைபோல விரல் பட்டதும் வழுக்காது. நகத்தாலோ குச்சியாலோ சற்று அழுத்தவேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரக்கையோடு இன்றைய போனைத் தொட்டுப் பாருங்கள், அது பேய் பிடித்ததுபோல ஆடும். என்800 ஈரக்கைக்கும் அசையாது, ரப்பர் பால் காய்ந்த விரலுக்கும் அசையாது. அதன் குச்சியை நான் மூன்றாவது மாதமே தொலைத்தேன். மை தீர்ந்த பேனாவின் மூடிமுனையைத் தேய்த்து மழுக்கி வருடக்கணக்கில் ஓட்டினேன். அதைப் பார்த்த பள்ளித் தமிழாசிரியர் “ஓலையும் எழுத்தாணியும் திரும்பி வந்துவிட்டன” என்றார். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்து ஊர்க்காரர், அப்படித்தான் பேசுவார்.

இப்போது நான் செய்த பெரிய தவறு. கருவியில் புதுச் செயலிகள் சேர்க்க ஒரு மேலாளர் நிரல் உண்டு. அதில் ஒரு ரகசியக் கதவு இருந்தது. செயலிகளை இறக்கும் இணையக் கிடங்கின் முகவரி கேட்கும் இடத்தில் ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைத் தட்டிவிட்டு ரத்து செய்தால், ‘சிவப்பு மாத்திரையா, நீல மாத்திரையா’ என்று கேட்கும். சிவப்பைத் தேர்ந்தால், சாதாரணப் பயனருக்குக் காட்டாத அமைப்புப் பொதிகள் (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டுகள்) அனைத்தையும் காட்டும். மருந்துக்கடை அண்ணனின் வாக்கு பலித்தது என்று நினைத்துக்கொண்டே சிவப்பை விழுங்கினேன். கண்ணில் பட்ட கிடங்கு முகவரிகளையெல்லாம் சேர்த்தேன். பரிசோதனை நிலையில் இருந்த பொதிகளையும் இறக்கினேன். ஒன்று கேட்ட துணைநிரல் நூலகத்தை மற்றொன்று தூக்கி எறிந்தது. உள்ளே இருந்ததே மொத்தம் 256 எம்பி இடம், அதுவும் நிரம்பியது. மறுநாள் காலை கருவி தொடக்கப் படத்தைக் காட்டி, அணைந்து, மீண்டும் காட்டி, மீண்டும் அணைந்தது.

கடைக்குக் கொண்டுபோகலாம் என்று அத்தான் போனில் சொன்னார். எந்தக் கடைக்கு? நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன். சிம் இடத்தைத் தேடிய பையன், அது இல்லையென்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன்மேல் தவறில்லை.

வழி ஒன்றுதான்: முழு இயங்குதளத்தையும் புதிதாகப் பதிப்பது. அதற்கான கோப்பை இறக்கிக்கொள்ள, கருவியின் வைஃபை முகவரி எண்ணைக் கொடுக்கவேண்டியிருந்தது. எண்ணோ கருவிக்குள், கருவியோ திறக்கவில்லை. டப்பாவில் அச்சிட்டிருந்தது நினைவுக்கு வந்து பரணில் ஏறித் தேடினேன். டப்பாவில் அம்மை மிளகாய் விதை போட்டு வைத்திருந்தார்கள். எண் பிழைத்திருந்தது. கோப்பு வந்து சேர ஒரு முழு இரவு. மறுநாள் மாலை கருவியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, ஹோம் பொத்தானை அழுத்திக்கொண்டே இயக்கி, பதிப்புக் கட்டளையைக் கொடுத்தேன். பாதி போயிருக்கும், மின்சாரம் நின்றது. 2008இன் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கணினிக்கு யுபிஎஸ் கிடையாது. இருட்டில் உட்கார்ந்து சீட்டுப் பணத்தைக் கணக்குப் பார்த்தேன்.

மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். கருவி ஒன்றும் நடக்காததுபோல முதலிலிருந்து வாங்கிக்கொண்டது! தொடக்கநிலை நிரல் தனியிடத்தில் இருப்பதால், மேலே எதைக் கெடுத்தாலும் அடியிலிருந்து மீண்டும் எழுதலாம். அந்த இரவில்தான் கருவி உண்மையிலேயே என்னுடையதாயிற்று என்று சொல்வேன். கெடுத்தது நான், சரிசெய்ததும் நான். நடுவில் எந்தச் சேவை மையத்தின் நாற்காலியிலும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில், கொடுக்கிற ஒவ்வொரு கட்டளையையும் தேதியோடு எழுதினேன். எதைச் செய்தபின் எது கெட்டது என்று திரும்பிப் பார்க்க அதைவிட நல்ல மென்பொருள் இல்லை. பதிப்புக்கு முன் பேட்டரியை முழுதாக ஏற்றிவிடுவேன். யுஎஸ்பி கம்பியில் இது சார்ஜ் ஆகாது. எல்லாவற்றிலும் பெரிய பாடம் இரண்டாவது கார்டு. இயங்குதளத்தின் முழு நகலை ஒரு எஸ்டி கார்டில் எடுத்து, தொடங்கும்போதே எதிலிருந்து ஓடுவது என்று கேட்கும் சிறு பட்டியலை நிறுவிக்கொள்ளலாம். சோதனையெல்லாம் கார்டில். கெட்டால் கார்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதிலிருந்து ஓட்டிக்கொள்ளலாம். திறந்த கருவி எதை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஆசை அடங்காது; ஆசைக்கு ஒரு தனிக் கார்டு கொடுத்துவிடுவது நல்லது.

பொதிகளை இறக்கியவுடன் அழிக்காமல் அந்தக் கோப்புகளையும் மேசைக் கணினியில் அடுக்கிவைத்தேன். அன்று அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. கிடங்குகள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகு அதன் அருமை தெரிந்தது.

‘திறந்த’ என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் அது எதுவரை திறந்தது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். மேமோவின் பெரும்பகுதி திறந்தது. ஆனால் வைஃபை சில்லுக்கான நிரலில் ஒரு பகுதியும், பேட்டரியைக் கண்காணிக்கும் நிரலும் மூடிய துண்டுகளாக இருந்தன. சமையலறை, கூடம், திண்ணை எல்லாம் உங்களுடையது, கிணற்றறையின் சாவி மட்டும் வேறொருவரிடம் என்பதுபோல. இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலைப் புதுப்பிக்க ஆசைப்பட்டால் அந்த மூடிய துண்டு பழைய கர்னலோடு கட்டிப்போட்டுவிடும். 2008இல் நோக்கியாவின் நிரலாளர்களே வைஃபைக்குத் திறந்த நிரல் ஒன்றை வெளியிட்டார்கள். பின்னர் அது பொது லினக்ஸ் கர்னலுக்குள்ளும் போயிற்று. அதைப் படித்த அன்று பாயசம் வைக்கவேண்டும்போல இருந்தது. வீட்டில் காரணம் சொல்லத் தெரியாததால் வைக்கவில்லை.

அதுதான் நான் பட்ட பெரிய குறை: சொல்ல ஆளில்லை. மென்பொருள் குறைவு, வேகம் குறைவு என்பதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மாவட்டம் முழுவதும் தேடினாலும் இதே கருவி வைத்திருக்கும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஒரு சந்தேகத்துக்கு விடை தேட மூன்று இரவு. விடை கிடைத்த மகிழ்ச்சியைப் பகிர நான்காவது இரவில் ஒருவருமில்லை. திறந்திருப்பதன் பலன் நாலு பேர் சேர்ந்து உட்காரும் இடத்தில்தான் பெருகும். தனியாளுக்கு அது நேரத்தைத் தின்னும் பழக்கம். இந்த உண்மை எனக்குப் புரிய மாணவர்கள் தேவைப்பட்டார்கள். பள்ளி முடிந்ததும் நாலைந்து பேர் சுற்றி நிற்பார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரி எழுதி, அதே கருவியில் ஓடவிட்டுக் காட்டுவேன். புத்தகத்தில் இருந்த நிரலாக்கம் கையளவு பொருளில் அசைவதைப் பார்த்தபோது அவர்கள் முகம் மாறியது. ஒரு மாணவி “சார், இது உடைந்தால் யார் திட்டுவார்கள்?” என்று கேட்டாள். “யாரும் திட்டமாட்டார்கள், நீயே சரிசெய்யலாம்” என்றேன். அதற்குப் பிறகு கருவி என்னிடம் இருந்ததைவிட அவர்களிடம் இருந்த நேரம் அதிகம். நான் வாரக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்ற ஓர் அமைப்புக் கோளாறை அவர்களில் ஒருவன் ஒரு மதிய உணவு இடைவேளையில் கண்டுபிடித்தான். கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், கருவியின் உடல்நலம். எங்கள் அக்காள் வீடு குளச்சல் பக்கம். கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஒரு கோடை விடுமுறை முழுக்க வைத்திருந்ததில் உப்புக் காற்று கார்டுகளின் தங்கப் பட்டைகளில் பச்சை பூத்துவிட்டது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீரோ சென்ட்டோ வேண்டாம். (சென்ட் போட்டுத் துடைத்தது அக்காள் மகன்.) பேட்டரி பிபி-5எல் என்ற வகை, 1500 எம்ஏஎச். அதே பேட்டரியைப் போட்ட போன்களும் இருந்ததால் கிடைப்பது சுலபம். போலி கிடைப்பது அதைவிடச் சுலபம். ஒரு கடையில் மலிவாக வாங்கியது நாலே மாதத்தில் அப்பளம்போல உப்பியது. உப்பிய பேட்டரியை ஒருநாள்கூட வைத்திருக்காதீர்கள். சார்ஜருக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. அந்த மெல்லிய ஊசிமுனை சார்ஜர் அன்று தேநீர்க் கடை, முடிதிருத்தும் கடை, கோட்டார் சந்தையின் மளிகைக் கடைகள் என்று எங்கும் தொங்கியது. விலைபட்டியலில் எழுதாத பெரிய வசதி அதுதான் என்று நினைக்கிறேன்: ஊரில் எல்லாரிடமும் இருக்கிற துளையோடு ஒரு கருவி வருவது.

2009இல் என்900 வந்தது. அதில் சிம் போட இடமிருந்தது. 2010இல் மேமோவை இன்டெல்லின் லினக்ஸ் இயங்குதளமான மோப்ளினோடு இணைத்து மீகோ என்றார்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போனது. இந்தச் செய்திகளை எல்லாம் நான் என்800இலேயே படித்தேன். அலமாரிக்குள் அது போன தேதி எனக்கு நினைவில்லை. ஆண்ட்ராய்டு போன் ஒன்று வந்தது, கை அதற்குப் பழகியது, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிப் பாதிச் சார்ஜில் தனியே வைத்ததுமட்டும் நல்ல காரியம்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அன்று காலை அடித்த காற்றை எங்கள் பக்கத்தில் வயதானவர்கள்கூடக் கண்டதில்லை என்றார்கள். ரப்பர் மரங்கள் இடுப்பளவில் முறிந்தன. வாழை பாயாகப் படுத்தது. மின்கம்பங்கள் சாலையில் கிடந்தன. மின்சாரம் வர நாட்கள் ஆயின; அதற்குள் போன்கள் அணைந்தன, அணையாதவற்றுக்கும் சமிக்ஞை இல்லை. அக்காள் வீட்டுப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று மட்டும் யாரோ வந்து சொன்னார்கள். மேற்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அலமாரி நினைவுக்கு வந்தது. பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். ஒன்பது வருடக் கருவி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுந்தது. அதன் எஃப்எம் வானொலிக்கு, இயர்போன் கம்பியைச் செருகினால் அதுவே அலைவாங்கி. ஒலியை ஒலிபெருக்கிக்கு மாற்றிவிடலாம். தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறிச் செய்தி கேட்டோம். திண்ணையில் அண்டைவீட்டார் கூடினார்கள். ஒருவரும் பேசவில்லை. பேட்டரி தீர்ந்தபோது பக்கத்து வீட்டு ஜீப்பில் பழைய ஊசிமுனை சார்ஜர் ஒன்று கிடந்தது. மூன்று நாள் அப்படி ஓடியது. இன்டர்நெட் டேப்லெட் இன்டர்நெட் இல்லாமல் அதிகம் பயன்பட்டது அந்த மூன்று நாட்களில்தான். அம்மை அப்போது எதுவும் கேட்கவில்லை. அதைத் துடைத்து உள்ளே வைத்தது அவர்கள்தான்.

இன்று அதை இயக்கினால் எழுகிறது. வைஃபையிலும் இணைகிறது. ஆனால் பெரும்பாலான தளங்கள் திறப்பதில்லை. இன்றைய தளங்கள் கேட்கிற பாதுகாப்புப் பூட்டுமுறை அதன் உலாவிக்குத் தெரியாது. அது நம்பிய சான்றிதழ்களும் காலாவதியாகிவிட்டன. ரப்பர் விலைகூடச் சொல்லாது. பழைய திறந்த கருவியை இரண்டாம் கையில் வாங்க ஆசைப்படுகிறவர்கள் திரையையும் பேட்டரியையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்: அதன் உலாவியை இன்றும் எவராவது புதுப்பிக்கிறார்களா? புதுக் கருவி என்றால், பைன்போன் போன்ற லினக்ஸ் போன்கள் வந்திருக்கின்றன. பழைய போன்களுக்குப் பத்தாண்டு ஆயுள் கொடுக்கும் நோக்கத்தோடு 2017இலிருந்து போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் நடக்கிறது. உங்கள் மாதிரியின் பெயர் அங்கே இருக்கிறதா, அதில் வைஃபை ஓடுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வங்கிச் செயலிக்கும் டிக்கெட்டுக்கும் வேறு போன் கையில் இருக்கட்டும். ஒரே கருவியாக இதை வாங்கினால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடுவீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. 2009இல் தீப்பெட்டி போன்ற ஒரு புளூடூத் ஜிபிஎஸ் வாங்கினேன். என்800இல் மேமோ மேப்பர் என்ற செயலி, நடந்த தடத்தைக் கோடாகப் பதியும். எவரும் வரையவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அன்று எங்கள் பகுதி வெறும் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவட்டாறிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம்வரை, பட்டணங்கால் கரை, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகள் என்று பையில் கருவியோடு நடந்து, இரவில் அந்தக் கோடுகளை வரைபடத்தில் ஏற்றினேன். மறந்தும் போனேன்.

போன மாதம் அக்காள் மகன் வந்திருந்தான். கல்லூரி முடித்தவன். போனில் இணையம் இல்லாமலே ஓடும் வரைபடச் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “மாமா, கால்வாய்க் கரை வழி இங்கே ஏன் இப்படி வளைகிறது? கரை நேராகத்தானே போகிறது?” என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட கோடு. அன்று மழை, கரையிலிருந்து இறங்கி ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். ஜிபிஎஸ்ஸும் என்னோடு ஒதுங்கியது. அப்படியே ஏற்றிவிட்டிருக்கிறேன். பதினைந்து வருடமாக எவனெவனோ அந்த வளைவைப் பார்த்துக் குழம்பியிருப்பான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்துக்கொண்டே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவை நிமிர்த்திவிட்டான். அந்த இடத்தில் தேநீர்க் கடையையாவது ஒரு புள்ளியாகப் போடு என்றேன்.

“அந்தக் கடை இப்போது இல்லை மாமா” என்றான்.